கழுகின் படம் போட்டீர்கள், ஈயத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு முழுப்பக்கப் படம் போட்டிருந்தீர்கள். கடலில் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று மீனைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்கிறது. படம் அருமை, அதில் சந்தேகமே இல்லை, பார்த்ததும் ஊரில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்தேன். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த நாலு வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன, முக்கியமான ஒரு விஷயம் விடுபட்டும் போயிருக்கிறது. நான் சப்போரோவில் வேலை பார்க்கிறவன். இந்தப் பறவை குளிர்காலம் கழிக்க வருகிற ஹொக்கைடோ தீவிலேயே குடியிருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு சின்னது. "ஆர்க்டிக் பறவை" என்று போட்டிருந்தீர்கள். இது கூடு கட்டுவது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாட்கா தீபகற்பம், ஒகோட்ஸ்க் கடலோரம், அமூர் ஆற்றின் கீழ்ப்பகுதி, சகாலின் தீவின் வடபகுதி ஆகிய இடங்களில். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. குளிர் இறுகியதும் ஒரு பெரும்பகுதி தெற்கே இறங்கி குரில் தீவுகளுக்கும் ஹொக்கைடோவுக்கும் வந்துவிடும். நீங்கள் போட்ட மாதிரிப் படங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகிற ரௌசு துறைமுகம் 44 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, பிரான்சின் தென்பகுதியும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான். அவ்வளவு தெற்கே கடலில் பனி மிதக்கக் காரணம் அமூர் ஆறு. அது கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் ஒகோட்ஸ்க் கடலின் மேல்பரப்பில் உப்பு குறைகிறது, சைபீரியாவிலிருந்து அடிக்கிற காற்றில் அது உறைகிறது, உறைந்த பாளங்கள் தெற்கே மிதந்து வந்து ஜனவரி கடைசி வாக்கில் ஹொக்கைடோ கரையைத் தொடுகின்றன. அந்தப் பனியும் வரவர மெலிந்துகொண்டே வருகிறது, அது தனிக் கவலை.

இரண்டாவது தவறுக்காகத்தான் இந்தக் கடிதமே. "ஜப்பானில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் இதற்கு ஆபத்து இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் இருப்பது உண்மை. 1970-லேயே ஜப்பான் இதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டது, யாரும் சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது. ஆனால் கழுகை யாரும் சுடாமலேயே தோட்டா அதன் வயிற்றுக்குள் போகிறது. மானைச் சுட்ட தோட்டா அது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தில் அதன் அளவு தெரிவதில்லை. பெண் பறவை ஆணைவிடப் பெரியது, 9 கிலோ வரை எடை வரும், விரித்த இறக்கை இரண்டரை மீட்டர் வரை போகும். பிலிப்பைன்ஸ் கழுகும் தென் அமெரிக்காவின் ஹார்ப்பி கழுகும் போட்டிக்கு வரும் என்றாலும், சராசரி எடையில் இதுதான் முன்னால் நிற்கிறது. உடம்பு கரும்பழுப்பு. தோள், தொடை, வால் மூன்றும் பளிச்சென்ற வெள்ளை. அலகைப் பற்றி என்ன சொல்ல, முகத்தில் பாதி அதுதான், ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் அவ்வளவு தடிமனான அலகை நான் வேறு எந்தப் பறவையிலும் பார்த்ததில்லை.

ரௌசுவில் பிப்ரவரி மாதம் விடிவதற்கு முன்னாலேயே படகுகள் கிளம்பும். எதிரே குனாஷிர் தீவின் மலைகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது பனிப்பாளங்களின் மேல் கழுகுகள் அங்கங்கே மூட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும். படகுக்காரர் மீனை எடுத்து பனிமேல் வீசுகிறார். உடனே எல்லாம் கிளம்புகின்றன. நான் பார்த்த ஒரு கழுகு படகுக்குப் பக்கத்திலேயே இறங்கியது, இறங்கும்போது பாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் ஏறியது. அது அசையாமல் இறக்கையை மட்டும் பாதி விரித்துச் சமாளித்து நின்றது. ஒரு காலை மீன்மேல் வைத்து நகங்களைப் பதித்தது. பிறகு குனிந்து அலகின் நுனியை மட்டும் வயிற்றுப் பக்கம் கொடுத்து ஒரு இழுப்பு, தோல் நீளமாகக் கிழிந்து வந்தது. பக்கத்தில் ஒரு வெண்வால் கடற்கழுகு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கிட்ட வரத் தைரியம் இல்லை. இந்த இரண்டாவது பறவையும் பெரிய பறவைதான், ஆனால் ஸ்டெல்லர் கழுகுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இளைத்துத் தெரிகிறது.

ஆக, நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் மீனும் அநேகமாக யாரோ வீசிய மீன்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த ஊருக்கு அது குளிர்காலப் பிழைப்பு. ஆனால் வாசகருக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பறவை தானாக மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கம்சாட்காவின் ஆறுகளுக்குப் போக வேண்டும். அங்கே சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆறு ஏறி வருகின்றன, முட்டையிட்டு முடித்து ஆற்றிலேயே சாகின்றன, கழுகு உயிருள்ளதையும் பிடிக்கும், செத்ததையும் தின்னும். தெற்குக் கம்சாட்காவில் குரில் ஏரி என்று ஒன்று இருக்கிறது, அங்கே சாக்கை சால்மன் குளிர்காலத்திலும் ஏறுவதால் நூற்றுக்கணக்கான கழுகுகள் தெற்கே வராமல் அங்கேயே தங்கிவிடுகின்றன.

சரி, ஈயத்துக்கு வருகிறேன்.

1980-களில் ரௌசுவை ஒட்டிய நெமுரோ நீரிணையில் பொல்லாக் மீன் அபாரமாகக் கிடைத்தது. குளிர்காலம் முழுக்க வலை, வலையிலிருந்து நழுவி விழுகிற மீன், கழித்துப் போடுகிற மீன், அதை நம்பிக் கழுகுகளும் படகுகளைச் சுற்றிக் கூடின. 1990-களில் அந்த மீன்பாடு படுத்துவிட்டது. அதே காலத்தில் ஹொக்கைடோவில் சிகா மான்கள் தாறுமாறாகப் பெருகின. பயிரை மேய்கின்றன, காட்டு மரங்களின் பட்டையை உரித்துத் தின்கின்றன, சாலையில் வண்டிகளில் மோதுகின்றன. எனவே அரசாங்கமே வேட்டையை ஊக்குவித்தது. இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் மான்கள் சுடப்படுகின்றன. வேட்டைக்காரர் நல்ல கறியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பனியிலேயே போட்டுவிட்டுப் போவது அப்போது சாதாரணம். கடலில் மீன் இல்லாமல் கரைக்கு வந்த கழுகுக்கு அது பெரிய விருந்தாகிவிட்டது.

ரைஃபிள் ஈயத் தோட்டா மானின் உடம்பில் பட்டதும் முழுசாக ஒரே துண்டாக நிற்பதில்லை, நொறுங்கி நூற்றுக்கணக்கான துகள்களாகத் தசைக்குள் சிதறுகிறது. சில துகள் கண்ணுக்கே தெரியாது. மானின் தோல் தடிமன், கழுகால்கூட அதை லேசில் கிழிக்க முடியாது, அதனால் ஏற்கெனவே திறந்திருக்கிற இடத்தில், அதாவது குண்டு பாய்ந்த காயத்தில்தான் முதலில் வாயை வைக்கும். ஈயம் அதிகம் இருப்பதும் அங்கேதான். அதோடு முதலில் வந்து தின்கிறது எது? கூட்டத்திலேயே வலுவான, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற வயதில் இருக்கும் பறவை. மற்றவை ஒதுங்கி நின்று பிறகுதான் வரும். ஆக, இனத்துக்கு எது மிகவும் தேவையோ அதுதான் முதலில் சாகிறது.

குஷிரோ நகரில் கடற்கழுகுகளுக்கும் மற்ற வேட்டைப் பறவைகளுக்கும் வைத்தியம் பார்க்கிற ஒரு நிறுவனம் இருக்கிறது, கால்நடை மருத்துவர் சாய்த்தோ கெய்சுகே அதை நடத்துகிறார், ஜப்பானில் இந்த விஷயத்தைப் பல வருடங்களாக விடாமல் பேசி வருபவர் அவர். ஈயம் தின்ற கழுகின் எக்ஸ்ரே ஒன்றை அந்த ஊரில் பார்த்தேன். எலும்புக்கூடு சாம்பல் நிறத்தில், இரைப்பை இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாகச் சில புள்ளிகள், ரவை அளவுகூட இருக்காது. அது போதும். கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது, ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இரத்தம் கெடுகிறது, நரம்பு தளர்கிறது, எச்சம் பச்சை நிறத்தில் போகிறது, தலை தொங்குகிறது, 9 கிலோ பறவை தன் காலில் நிற்க முடியாமல் பனியில் கிடந்து மூச்சு வாங்குகிறது. நஞ்சை முறிக்க ஊசி உண்டு. ஆனால் இந்த நிலைக்கு வந்தபின் மனிதர் கண்ணில் படுகிற கழுகுகளில் பலவற்றைக் காப்பாற்ற முடிவதில்லை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதுவரை ஹொக்கைடோவில் இரண்டு வகைக் கடற்கழுகும் சேர்த்து நூற்றுக்கு மேல் ஈயத்தால் செத்திருக்கின்றன. கண்டெடுத்து சோதித்த கணக்கு மட்டும் அது. காட்டுக்குள் செத்து மட்கியதை யார் எண்ணுவது?

"நூறுதானே" என்று யாராவது கேட்கலாம். இந்த இனம் மொத்தமே ஐயாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு ஜோடி வருடத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று முட்டை இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அடைகாப்பதற்கே நாற்பது நாள் போல ஆகும், அதற்குப் பிறகு குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க இன்னும் பத்து வாரம். அதற்குள் சில இடங்களில் கரடி மரமேறிக் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. பிழைத்துப் பறந்த குஞ்சும் வெள்ளைத் தோளோடு முழு வளர்ச்சி அடையப் பல வருடம் ஆகும். இப்படி ஆமை வேகத்தில் பெருகுகிற இனத்தில் வயதுக்கு வந்த ஒரு பெண் பறவை போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். 2000-இல் ஹொக்கைடோவில் மான் வேட்டைக்கு ஈய ரைஃபிள் தோட்டாவுக்குத் தடை வந்தது, அடுத்த வருடம் மற்ற வகை ஈயத் தோட்டாவுக்கும் வந்தது. பிறகு 2014-இல், மான் வேட்டைக்குப் போகும்போது ஈயத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஈயம் தின்ற கழுகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானது இல்லை. ஹொக்கைடோவைத் தாண்டினால் ஜப்பானின் பெரும்பாலான இடங்களில் ஈயத் தோட்டா கடையில் கிடைக்கிறது, அங்கே அது சட்டப்படிச் சரி. வெளியூர் வேட்டைக்காரர் பையில் அது வந்துவிடுகிறது, காட்டுக்குள் ஒவ்வொரு துப்பாக்கியையும் யார் திறந்து பார்ப்பது?

இதில் நம் ஊர் அனுபவம் அப்படியே பொருந்துகிறது, அதனால்தான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் கறி வழியாகப் பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. ஆனால் மனிதருக்கான ஊசி மருந்து பெரிய குப்பிகளில் கடையில் இருந்தது, அதையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்த பிறகுதான் அந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் பாறுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையே அக்கறையோடு எழுதியிருக்கிறது. அங்கே மாடு, இங்கே மான், அங்கே மருந்து, இங்கே தோட்டா. யாருக்கும் கழுகைக் கொல்லும் எண்ணம் இல்லை. கடையில் கிடைக்கும்வரை சாவு நிற்பதில்லை, கடையிலிருந்து எடுத்தால்தான் குறைகிறது.

ஜப்பான் அரசும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 முதல் நாடு முழுவதும் ஈயத் தோட்டாவைப் படிப்படியாகக் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் பறவைகள் ஈயத்தால் சாவதை அறவே நிறுத்துவது என்று 2021-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் "படிப்படியாக" என்பது எவ்வளவு நீளும் என்பதில்தான் எனக்குப் பயம். கலிபோர்னியாவில் காண்டோர் என்ற, செத்த விலங்கைத் தின்கிற பெரிய பறவைக்காகத் தொடங்கி, 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்குமே ஈயம் கூடாது என்று முழு மாநிலத்துக்கும் சட்டம் போட்டுவிட்டார்கள், வேட்டை நின்றுபோய்விடவில்லை. செம்புத் தோட்டா இருக்கிறது, அது நொறுங்காமல் ஒரே துண்டாகப் போகும், விலை கொஞ்சம் கூடுதல், துப்பாக்கிக்கு ஏற்பக் குறி பழக வேண்டும், அவ்வளவுதான். ஹொக்கைடோ வேட்டைக்காரர்களில் இப்படி மாறியவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்டியாக வேண்டும். மான் கறியை வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள் என்பதை நினைத்தால் அவர்கள் செய்தது எல்லாருக்கும் நல்லது.

ஒரு தீவுக்கு மட்டும் சட்டம் போட்டால் போதாது என்பதற்கு இந்த இனத்திலேயே ஒரு பறவை சாட்சி. 2020 ஆகஸ்டில் ஒரு ஸ்டெல்லர் கழுகு அலாஸ்காவின் உள்நாட்டில் தென்பட்டது. 2021 மார்ச்சில் டெக்சஸில். பிறகு கனடாவின் கியூபெக், நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா. அந்த டிசம்பரில் மாசசூசெட்ஸில் டாண்டன் ஆற்றங்கரை, வருடம் முடிவதற்குள் மெய்ன் மாநிலக் கடற்கரை. பிறகு நியூஃபவுண்ட்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உறைபனியில் காத்துக் கிடந்தார்கள். எனக்கு அந்த ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த அமெரிக்காவிலேயே 38 மாநிலங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழுகுகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலும் கிட்டத்தட்ட பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது தெரியவந்தது. சிறகு இருக்கிற பறவை எல்லை பார்த்து இரை எடுக்காது.

அப்புறம் இன்னொன்று. ஸ்டெல்லர் என்பவர் ஜெர்மன் இயற்கையியலாளர், 1741-இல் பெரிங் என்ற கடலோடியின் கப்பலில் போய், பிறகு பெயரே இல்லாத ஒரு தீவில் கரை ஒதுங்கி, அந்தக் குளிரிலும் கண்ணில் பட்ட விலங்கை எல்லாம் அளந்து எழுதி வைத்தவர். அவர் பார்த்த கடற்பசு, நம் பாக் நீரிணையில் இருக்கிற ஆவுளியாவின் உறவு, 1768-க்குள் ஒன்று விடாமல் தின்று தீர்க்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்து 27 வருடத்தில். அவர் அங்கே பார்த்த கண்ணாடி நீர்க்காகமும் அடுத்த நூற்றாண்டில் போய்விட்டது. அவர் பெயரைச் சுமக்கிற இந்தக் கழுகை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடற்பசு ஞாபகம் வந்துவிடுகிறது.

மின்கம்பி, காற்றாலை, சகாலினில் எண்ணெய் எடுப்பு என்று வேறு ஆபத்துகளும் உண்டு. ரயிலில் அடிபட்ட மானைத் தின்ன வந்து அடுத்த ரயிலில் அடிபடுகிற கழுகுகளும் உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் பக்கம் போதாது. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவும் பல வருட வேலையும் தேவை. ஈயத்துக்கு மாற்று இன்றைக்கே கடையில் இருக்கிறது. அதனால்தான் இதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, "ஆபத்து இல்லை" என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டு, உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஹொக்கைடோ பனிக்காலப் பயணத்தைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நிறையப் பேர் இங்கே வருகிறார்கள். ரௌசு படகைப் பற்றி எழுதும்போது, அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் குஷிரோவில் கழுகுகளைப் பிழைக்க வைக்கப் பாடுபடும் மருத்துவர்களைப் பற்றியும் எழுதுங்கள். சாய்த்தோ அவர்களிடம் ஒரு பேட்டி எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. 2030 வருவதற்குள் அந்தப் பேட்டி வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சப்போரோ, ஜப்பான்